கிகால் குடும்பத்தின் கோத் து ரோன்: கைக்கு எட்டும் விலையில் ஒரு நல்ல சிவப்பு ஒயினை வாங்கிப் பரிமாறும் முறை

பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் நதியின் வலக்கரையில், அம்புயி என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும் சரிவில் கற்சுவர் கட்டிப் படிப்படியாக அமைத்த தோட்டங்களில் விளையும் திராட்சையிலிருந்து கோத் ரோட்டி என்ற ஒயின் வருகிறது. அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட கிகால் குடும்பத்தின் லா மூலின், லா லாந்தோன், லா துர்க் ஆகிய மூன்று கோத் ரோட்டிகளும் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குபவை. ஒரு பாட்டிலுக்குப் பல நூறு டாலர் கொடுக்க வேண்டும். அதே குடும்பம், அதே கைகளைக் கொண்டு, கோத் து ரோன் என்ற பெயரில் வெளியிடும் சிவப்பு ஒயின் அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் 15 முதல் 20 டாலருக்குள் கிடைக்கிறது. இக்கட்டுரை இந்த இரண்டாவது ஒயினைப் பற்றியது. அதை எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்திருப்பது, எந்தக் குளிர்ச்சியில் ஊற்றுவது, எந்த உணவோடு வைப்பது என்பவற்றைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். இந்த விலைக்கு இதைவிட நேர்மையாகச் செய்யப்பட்ட சிவப்பு ஒயின் எளிதில் அகப்படாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வாங்குபவர் தம் பங்கைச் சரியாகச் செய்யாவிட்டால் அந்த நேர்மை கிண்ணம்வரை வந்து சேராது.

குடும்பப் பெயரை எடைபோடுவது

பெரிய குடும்பத்தின் பெயர் லேபிளில் இருப்பதாலேயே ஒரு மலிவான ஒயின் நல்லதாகிவிடாது. பிரான்சின் மற்றோர் ஒயின் வட்டாரமான போர்தோவில் பரோன் ஃபிலிப் த ரோத்ஷில்ட், 1930-ஆம் ஆண்டு விளைச்சல் மோசமாக இருந்ததால் அதை மூத்தோன் என்ற தம் தோட்டத்தின் பெயரில் விற்க விரும்பாமல் மூத்தோன் காதே என்ற புதுப் பெயரில் வெளியிட்டார். இன்று அப்பெயரில் வருவது போர்தோ வட்டாரத்தின் பல விவசாயிகளிடமிருந்து திரட்டிச் செய்யப்படும் ஒயின். தெற்கு ரோனில் ஷாத்தோ த போகாஸ்தெல் தோட்டத்தை நடத்தும் பெரான் குடும்பம் மலிவு விலையில் லா வியேய் ஃபெர்ம் என்ற ஒயினையும், போகாஸ்தெல் தோட்டத்திலிருந்து நெடுஞ்சாலையைக் கடந்தால் வந்துவிடும் சொந்த நிலத்திலிருந்து கூதுலே என்ற சற்று விலை கூடிய ஒயினையும் தருகிறது. குடும்பம் ஒன்றே என்றாலும் இவ்விரண்டும் ஒரே தரத்தவை அல்ல. ஆகவே பெயரைப் பார்த்தவுடன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திராட்சை யாருடைய நிலத்தில் விளைந்தது? கலவையைத் தீர்மானிப்பவர் அந்தக் குடும்பத்தின் முதன்மை ஒயின்களைச் செய்பவரா, வேறொருவரா? கடைக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஒயின் எவ்வளவு காலம் நிலவறையில் இருந்தது?

மூன்றாவது கேள்வியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நிலவறையில் ஒயின் இருக்கும் ஒவ்வொரு மாதமும் முதலீடு முடங்கிக் கிடக்கும் மாதம். மலிவு ஒயினில் முதலில் வெட்டப்படுவது அந்தக் காலம்தான். கோத் து ரோன் என்ற பெயரில் வரும் ஒயின்களுள் பெரும்பகுதி எஃகு அல்லது சிமென்ட் தொட்டிகளில் சில மாதங்கள் இருந்துவிட்டு, அறுவடைக்கு அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்துவிடும். அவற்றுள் பழச்சுவை நிறைந்த நல்ல ஒயின்களும் உண்டு. கிகால் வேறு வழியில் செல்கிறது. இவர்களுடைய சிவப்புக் கோத் து ரோன், ஃபூத்ர் எனப்படும் மிகப் பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதிர்ந்த பிறகே பாட்டிலுக்குள் போகிறது. பீப்பாய் பெரியதாக இருப்பதால் மரத்தின் வாசனை ஒயினில் ஏறுவதில்லை. மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்று துவர்ப்பை மட்டும் மென்மையாக்குகிறது. முதல் கேள்விக்கான விடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்த ஒயின் பெரும்பாலும் பிற விவசாயிகளிடமிருந்து வாங்கிய திராட்சையையும் ஒயினையும் கொண்டே செய்யப்படுகிறது. இங்கே குடும்பம் தருவது நிலத்தை அன்று. எதை வாங்குவது, எதை ஒதுக்குவது, எதை எதனோடு எந்த அளவில் சேர்ப்பது என்ற தேர்வைத்தான்.

அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்பதற்குக் குடும்ப வரலாறு விடை சொல்கிறது. எத்தியேன் கிகால் தோட்டம் துரவோடு பிறந்தவர் அல்லர். 1781-இல் தொடங்கப்பட்ட விதால்-ஃப்ளூரி என்ற அம்புயியின் பழைய நிறுவனத்தில் சிறுவனாகச் சேர்ந்து, தொழிலை அங்கேயே கற்று, 1946-இல் தம் பெயரில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1961-இல் அவர் பார்வையை இழந்தபோது, இருபது வயதுகூட நிறையாத மகன் மார்செல் பொறுப்பை ஏற்றார். லா மூலின் 1966 விளைச்சலிலும், லா லாந்தோன் 1978 விளைச்சலிலும், லா துர்க் 1985 விளைச்சலிலும் முதன்முதலாக வந்தவை; புதிய ஓக் பீப்பாயில் 42 மாதங்கள் முதிர வைக்கும் மார்செலின் முறை அக்காலத்தில் அவ்வட்டாரத்தில் வழக்கத்தில் இல்லாத துணிவு. எத்தியேன் வேலை பார்த்த விதால்-ஃப்ளூரியையே குடும்பம் 1980-களில் வாங்கியது. 1995-இல் ஆற்றோரத்தில் நிற்கும் அம்புயி கோட்டை மாளிகையையும் வாங்கியது. இன்று மார்செலின் மகன் ஃபிலிப் ஒயின் தயாரிப்பைக் கவனிக்கிறார். விலை உயர்ந்த மூன்று கோத் ரோட்டிகளையும் கோத் து ரோனையும் சுவைத்துத் தீர்மானிப்பது ஒரே குடும்பத்தின் நாக்கு என்பதுதான் இந்த மலிவு பாட்டிலின் உண்மையான மதிப்பு.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

கோத் து ரோன் என்பது வியென் நகரின் அருகிலிருந்து அவிஞ்ஞோன் வரை நீளும் பரந்த வட்டாரத்திற்கான சட்டப் பெயர், 1937-இல் அங்கீகரிக்கப்பட்டது. இப்பெயருக்கு மேலே கோத் து ரோன் வில்லாஜ் என்ற நிலையும், அதற்கும் மேலே ஷாத்தோநூஃப்-து-பாப், ஜிகோந்தாஸ், வாக்கேராஸ், கோத் ரோட்டி போன்று தம் ஊர்ப் பெயரையோ சரிவின் பெயரையோ மட்டும் தாங்கி நிற்கும் ஒயின்களும் உள்ளன. சட்டத்தின் பார்வையில் கிகாலின் கோத் து ரோன் அடிப்படி நிலையில்தான் இருக்கிறது.

தெற்கு ரோனின் வழக்கமான கலவையில் கிரெனாஷ் திராட்சையே தலைமை வகிக்கும். அது சிவந்த பழங்களின் இனிய மணத்தையும் ஆல்கஹாலின் வெம்மையையும் தரும்; துவர்ப்பு குறைவு. கிகாலின் கலவையில் அவ்விடத்தைச் சிரா எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறினாலும் ஏறத்தாழப் பாதியளவு சிராவாக இருக்கும். மீதியில் பெரும்பகுதி கிரெனாஷ், சிறு பங்கு மூர்வேத்ர். வடக்கு ரோனின் திராட்சையான சிராவில் வளர்ந்த குடும்பம் தெற்கின் ஒயினைச் செய்யும்போதும் தன் சொந்தத் திராட்சையை விட்டுக்கொடுக்கவில்லை. கருநிறமும், நாவற்பழத்தை நினைவூட்டும் ஆழ்ந்த பழச்சுவையும், ஊதா மலரின் சாயலும், முடிவில் மிளகு வாசமும் சிராவின் கொடை.

அந்த மிளகு வாசம் கற்பனை அன்று. கருமிளகின் காரமணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற சேர்மமே சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டனர். மலபார் மிளகை அம்மியில் நசுக்கும்போது எழும் வாசனையும் இந்தக் கிண்ணத்தின் வாசனையும் ஒரே மூலக்கூறைச் சார்ந்தவை. குளிர்ந்த ஆண்டுகளில் அது மிகுதியாகவும் வெப்பமான ஆண்டுகளில் குறைவாகவும் தெரியும். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை எட்டவே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடன் அருந்துபவர் மிளகு தெரிகிறது என்று சொல்லும்போது உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் கவனத்தில் குறை இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலில் ஆண்டைப் பாருங்கள். பீப்பாயில் இருந்து தாமதமாக வெளிவருவதால், கடையில் மூன்று நான்கு ஆண்டுக்கு முந்தைய விளைச்சல் நிற்பது இந்த ஒயினுக்கு இயல்பு. பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2015, 2016, 2019 ஆகியவை தெற்கு ரோனில் செழிப்பான ஆண்டுகள். 2021-இல் ஏப்ரல் மாத உறைபனி தளிர்களைக் கருக்கியது. தொடர்ந்து வந்த பருவமும் குளிர்ச்சியாக இருந்ததால் அவ்வாண்டு ஒயின்கள் இலகுவாகவும் மிளகு வாசம் கூடியும் அமைந்தன. 2022 வறட்சியும் வெப்பமும் மிகுந்த ஆண்டு, பழச்சுவை கனத்திருக்கும். எது சிறந்தது என்பதை விட எது உங்கள் உணவுக்குப் பொருந்தும் என்று பார்ப்பது பயனுள்ளது. எனக்கு 2021 போன்ற மெலிந்த ஆண்டுகள் சாப்பாட்டோடு இன்னும் நன்றாகப் படுகின்றன.

ஆண்டைவிடவும் கடையின் வெப்பநிலை முக்கியம். கொச்சியிலோ சென்னையிலோ கொழும்பிலோ இறக்குமதி ஒயின் வாங்குபவர்களுக்கு இதைத் தனியே வலியுறுத்த விரும்புகிறேன். கப்பலிலும் கிடங்கிலும் வெயில் பட்டு வந்த பாட்டிலை எவ்வளவு பெரிய பெயரும் காப்பாற்றாது. பாட்டிலைக் கையில் எடுத்துக் கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். மேலுறைக்கு அடியில் கார்க் சற்றே புடைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, விளிம்பில் காய்ந்த ஒயினின் பிசுபிசுப்பு தட்டுப்பட்டாலோ, நிமிர்த்திப் பார்க்கும்போது ஒயினின் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ அந்தப் பாட்டில் சூட்டில் விரிந்து கசிந்திருக்கிறது என்று பொருள், திருப்பி வைத்துவிடுங்கள். கண்ணாடி முகப்பில் வெயில்பட நிற்கும் பாட்டிலையும் விளக்குக்கு மிக அருகில் மேல்தட்டில் நிற்கும் பாட்டிலையும் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதே ஆண்டின் சரக்கு உள்ளே குளிர்ந்த அறையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதில் தவறில்லை.

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இதன் பக்கத்திலேயே பாதி விலைக்குக் கோத் து ரோன் நிற்கும். அன்றாடம் அருந்த அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் கைப்பக்குவத்தை அறிய விரும்பி வாங்கும்போது சில டாலர்களை மிச்சப்படுத்துவது வீண் சிக்கனம்.

வைத்திருப்பது

வீட்டில் 12 முதல் 14 டிகிரி வரை சீராக இருக்கும் இடம் இருந்தால், பாட்டிலைப் படுக்கை வசத்தில் வைத்து, அறுவடை ஆண்டிலிருந்து ஆறேழு ஆண்டுவரை இந்த ஒயினை நம்பி வைத்திருக்கலாம். நல்ல ஆண்டுகள் அதற்கு மேலும் தாங்கும். டொராண்டோவிலோ லண்டனிலோ நிலத்தடி அறை உள்ளவர்கள் மூன்று பாட்டில்களை ஒருசேர வாங்கி, ஒன்றை உடனே திறந்து, மற்ற இரண்டை ஆண்டுக்கு ஒன்றாகத் திறப்பது இந்த ஒயினைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. முதலில் முன்னே நிற்கும் பழம் மெல்லப் பின்வாங்க, பதனிட்ட தோலும் உலர்ந்த இலையும் கலந்த வாசனை முன்வருவதை நீங்களே காணலாம்.

கோடையில் 35 டிகிரி தொடும் வீட்டில் இந்த யோசனை செல்லாது. அங்கே பீரோவில் ஓராண்டு வைத்த ஒயின் வெந்த ஜாம் போல ஆகிவிடும். சில வாரங்களுக்குள் அருந்த வேண்டியதை மட்டும் வாங்குங்கள். அதுவரை குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருப்பதே நல்லது.

திறப்பதும் ஊற்றுவதும்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற விதி, குளிர்காலத்தில் கணப்பு மட்டுமே இருந்த ஐரோப்பிய வீடுகளின் அறையைக் கருதிச் சொன்னது. கிகாலின் கோத் து ரோனுக்கு 16 டிகிரி சரியாக இருக்கும். ஆல்கஹால் 14 முதல் 15 விழுக்காடு உள்ள ஒயின் 25 டிகிரியில் ஊற்றப்பட்டால் ஆவி மூக்கில் ஏறிப் பழத்தின் மணத்தை மூடிவிடும். வாயில் எரிச்சலும் தொண்டையில் சூடும் மட்டுமே மிஞ்சும். இந்த ஒயின் கனமாக இருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுள் பலருக்கு அது வெதுவெதுப்பாக ஊற்றப்பட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

குளிர வைப்பதற்கு நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் இருக்கும் பாட்டிலுக்குக் குளிர்பதனப் பெட்டியில் முக்கால் மணி நேரம் போதும். 32 டிகிரியில் இருந்ததென்றால் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் ஒரு வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் சம அளவில் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை மூழ்க வைத்தால் கால் மணி நேரத்திற்குள் வேண்டிய குளிர்ச்சி வந்துவிடும். பனிக்கட்டி மட்டும் போட்டால் பாட்டிலை முழுமையாகத் தொடாது, தண்ணீர் அவசியம். கிண்ணத்தில் ஊற்றியதும் வெப்பம் விரைவாக ஏறும் என்பதால், ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருப்பது நல்லதே.

கார்க்கை எடுத்தவுடன் சிறிது ஊற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டியின் அல்லது ஈரச் சுவரின் பூஞ்சை வாடை வந்தால் கார்க்கினால் கெட்டுப்போன பாட்டில் அது. உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்றாலும் ஒயினின் மணம் அழிந்துவிட்டிருக்கும். காற்றாட வைத்தாலும் சரியாகாது. ரசீதோடு கடைக்குக் கொண்டுபோனால் பொறுப்புள்ள விற்பனையாளர் மாற்றிக் கொடுப்பார். ஆகையால் விருந்தினர் வருவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஒயின் நலமாக இருந்தால், அடியகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். சிரா மிகுந்த ஒயின் திறந்தவுடன் சற்று இறுகியிருப்பது வழக்கம். காற்று பட்டதும் இளகும். குடுவை இல்லையென்றால் சுத்தமான கண்ணாடிக் கூஜாவும் போதும். கிண்ணம் பெரியதாக, வாய் சற்றுக் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால் சுழற்றி முகர இடம் இருக்கும். 750 மில்லி பாட்டிலில் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். இது வலிமை மிகுந்த ஒயின் என்பதால் அதற்கு மேல் ஊற்ற வேண்டிய தேவையும் இல்லை. மேசையில் தண்ணீரும் இருக்கட்டும்.

எதனோடு சாப்பிடுவது

ரோன் வட்டாரத்தில் இவ்வகை ஒயினுக்குத் துணையாக வருபவை, காட்டு மூலிகைகள் சேர்த்து வாட்டிய ஆட்டுக்கறி, நெடுநேரம் மெல்லக் கொதித்த மாட்டிறைச்சி, தொத்திறைச்சி, தக்காளியும் கத்திரிக்காயும் சேர்ந்து வெந்த காய்க்கூட்டு போன்றவை. இவற்றின் பொதுத்தன்மை கொழுப்பும் மூலிகையும் புகைமணமும். நம் சமையலில் எதைத் தேர்வது என்பதற்கும் அதுவே வழிகாட்டி.

மிளகும் சீரகமும் நல்லெண்ணெயும் கொண்டு வறட்டிய ஆட்டுக்கறிச் சுக்கா இந்த ஒயினுக்கு மிக நன்றாகப் பொருந்தும், ஏனெனில் கறியின் கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கிறது, மிளகு மிளகை அடையாளம் காண்கிறது. சைவர்களுக்குத் தணலில் சுட்டு மசித்த கத்திரிக்காயும் காளான் மிளகு வறுவலும் நல்ல துணை. மிளகாய்க் காரம் வேறு விஷயம். ஆல்கஹால் அந்த எரிச்சலை இரட்டிப்பாக்கும், ஆகையால் வரமிளகாய் தூக்கலாக இருக்கும் குழம்புக்கு இதை வைக்க வேண்டாம். புளிக்குழம்பின் புளிப்புக்கு முன்னால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்களோடு சிவப்பு ஒயினைச் சேர்த்தால் வாயில் இரும்புச் சுவை தங்கும்.

மிச்சமான ஒயினைக் கார்க்கை இறுக அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் பெரும்பாலும் முதல் நாளைவிட மென்மையாக இருக்கும்; மூன்றாம் நாளோடு அருந்திவிட வேண்டும். அதற்குப் பிறகு அது கறிக் குழம்பில் சேர்க்கத்தான் உதவும்.

அடுத்த பாட்டில்

இந்த ஒயின் பிடித்துப்போனால், உடனே பல நூறு டாலர் லா மூலினுக்குத் தாவ வேண்டியதில்லை. அதே குடும்பம் முழுவதும் சிராவால் செய்யும் குரோஸ்-எர்மித்தாஜ் என்ற வடக்கு ரோன் ஒயினையும், கிரெனாஷ் மிகுந்த ஜிகோந்தாஸ் என்ற தெற்கு ரோன் ஒயினையும் வெளியிடுகிறது. இரண்டும் கோத் து ரோனைவிடச் சற்று விலை கூடியவை. நண்பர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து பங்கு போட்டு இவை இரண்டையும் கோத் து ரோனோடு வாங்கி, மூன்றையும் ஒரே குளிர்ச்சியில், ஒரே வகைக் கிண்ணங்களில், முதலில் ஜிகோந்தாஸ், அடுத்து குரோஸ்-எர்மித்தாஜ், பிறகு கோத் து ரோன் என்ற வரிசையில் ஊற்றுங்கள். ஜிகோந்தாஸின் இனிப்பும் வெம்மையும் எப்படி இருக்கும், குரோஸ்-எர்மித்தாஜின் மிளகும் கருநிறமும் எப்படி இருக்கும் என்று தனித்தனியே அறிந்த பின்னர் மூன்றாவது கிண்ணத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை உங்கள் நாக்கே பிரித்துச் சொல்லும். அதன் பிறகு ஒரு விசேஷ நாளுக்காகக் குடும்பத்தின் கோத் ரோட்டியை வாங்க விரும்பினால், லா மூலின் முதலிய மூன்று தனித்தோட்ட ஒயின்களைவிட விலை மிகக் குறைந்த புரூன் ஏ புளோந்த் என்ற பாட்டிலில் தொடங்குங்கள்.